கேமில் வந்த மாப்பிள்ளை

அட்டையில் ஒரு மாடு சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண், கையில் முள்ளங்கி. சிரிக்கிற மாட்டைக் கண்டதுமே இந்தக் கேமைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

கட்டாரில் வேலை செய்யும் சின்னம்மாவின் மகன் லீவில் வந்தபோது, தன் பழைய கேம் பெட்டியை எனக்குத் தந்துவிட்டுப் போனான். அதோடு மூன்று டிஸ்க். உதைபந்தாட்டம் ஒன்று, அடிபிடி ஒன்று, இந்த மாடு ஒன்று. உதைபந்தாட்டத்தில்தான் எனக்கு ஆசை. அது வரும் வழியில் கீறல் பட்டு, பந்தை உதைக்கப் போகும் நேரம் பார்த்து நின்றுபோகும். அடிபிடியில் இரண்டே நாளில் எல்லாரையும் அடித்து முடித்துவிட்டேன். எந்தப் பொத்தானை அமர்த்தினாலும் எதிராளி விழுந்தான், எனக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாட்டு டிஸ்கின் பெட்டி தேத்தண்ணிக் கோப்பை வைக்க நல்ல அளவாக இருந்ததால் அதை மேசையில் விட்டுவைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அச்சகத்தில் கலியாண அட்டை வடிவமைக்கிற வேலை. ஊரில் உள்ள எல்லாருடைய கலியாணத்துக்கும் தாமரைப் பூவும் குத்துவிளக்கும் வைத்துக் கொடுத்தேன். என்னுடைய கலியாணம் மட்டும் ஐந்து மாதமாக அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையில் யாருக்கும் குறையில்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். குடி இல்லை, கோபம் இல்லை, தலைமுடி கொஞ்சம் குறைவு. சிக்கல் எல்லாம் கலியாணத்துக்குப் பிறகு எந்த வீட்டில் இருப்பது என்பதில்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் அப்பாவும் அப்படித்தான் தேற்றாத்தீவில் இருந்து ஒரு சூட்கேசோடு நாவற்குடாவுக்கு, அம்மாவின் வீட்டுக்கு, வந்து சேர்ந்தார். நான் பிறந்ததில் இருந்து அம்மா எனக்கென்று பக்கத்து வளவில் ஒரு வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். சுவர் எழும்ப நான் எழும்பினேன். அதற்குக் கூரை போட்ட வருடம் நான் வேலைக்குப் போனேன்.

ஆனால் மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. தாயும் ஏழு மாடும்தான். தாயைத் தனியே விட்டுவிட்டு வர அவரால் முடியாது. தாயால் மாடுகளை விட்டுவிட்டு வர முடியாது. நான் அங்கே போய் இருக்கிறேன் என்று சொன்னேன். சொன்ன அன்று அம்மா சட்டியைப் போட்ட சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

"மண்முனைப் பாலம் தாண்டினா அரை மணித்தியாலம்தானேம்மா" என்றேன்.

"அரை மணித்தியாலமோ அமெரிக்காவோ, பொம்பிளப் புள்ள தன்ட வீட்ட விட்டிட்டுப் போறது போறதுதான். எங்கட பரம்பரையில ஒருத்தியும் போகல்ல."

அதற்குப் பிறகு ஐந்து மாதம் எங்களுக்கிடையே "சோறு போடவா", "போடுங்க", "காணும்" என்ற மூன்று வசனங்கள்தான் ஓடின.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் முப்பது வருடம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவர். குடையைச் சைக்கிளில் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்ப்பார். பார்ப்பதென்றால், அதட்டுவார். ஊரில் பாதிப்பேர் அம்மாவின் அதட்டலுக்குப் பயந்துதான் ஒழுங்காகப் பிறந்தார்கள் என்று அப்பா சொல்லுவார், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து. ஓய்வு பெற்ற பிறகு அத்தனை அதட்டலும் எங்கள் இருவருக்கும் வந்து சேர்ந்தது. அப்பா பேப்பருக்குப் பின்னால் குடியேறிவிட்டார். எனக்குப் பேப்பர் வாசிக்கிற பழக்கம் இல்லை.

மாரி தொடங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வெளியே போக வழியில்லை. கோப்பையைத் தூக்கிவிட்டு மாட்டு டிஸ்கைப் போட்டேன். தொப்பிக்காரிக்கு ஒரு காணி, ஒரு மாடு, ஒரு வாளி. சுற்றிவர ஒரு சின்ன ஊர். நான் முள்ளங்கிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, காயாத உடுப்புகளை அள்ளிக்கொண்டு அம்மா பின்னால் வந்து நின்றார்.

"என்னகா இது, உச்சி வெயிலுக்க தண்ணி ஊத்துறாய்?"

"கேம் அம்மா."

"கேமெண்டா வேர் அவியாதா?"

ஐந்து மாதத்தில் நாங்கள் கதைத்த நீளமான கதை அதுதான். நான் தொடர்ந்து ஊற்றினேன். அம்மா உடுப்பைக் கதிரையில் போட்டுவிட்டு அங்கேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் "இஞ்ச தா பாப்பம்" என்று ரிமோட்டை வாங்கினார்.

வாங்கியவர் முள்ளங்கியைத் திரும்பியும் பார்க்கவில்லை. தொப்பிக்காரியைக் கேற்றுக்கு வெளியே கொண்டுபோனார். முதல் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார், இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. தட்டுவதில்லை, கேட்பதில்லை. கேமில் இருந்த சனங்கள் எல்லாரும் குட் மோர்னிங் சொன்னார்கள். அம்மா குளிர்ந்துபோனார். "எவ்வளவு மரியாதையான சனம் பாரன்" என்றார். பாண் சுடுகிறவர் இருமினார். அம்மா அந்த இடத்திலேயே தொப்பிக்காரியை நிறுத்தினார்.

"இவருக்கு எத்தின நாளா இருமல்?"

அடுத்த நாள் அலுமாரியில் இருந்து வீடு வீடாகப் போய்ப் பார்த்ததைக் குறிக்கிற தன் பழைய தரிசிப்புப் புத்தகங்களில் மிச்சமாக இருந்த ஒன்றை எடுத்தார். எந்த வீடு, யார் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார்கள், என்ன கொடுத்தால் முகம் மலர்கிறது, எல்லாம் கோடு போட்டு எழுதினார். பாண்காரருக்கு ஒவ்வொரு நாளும் இஞ்சி. கடைக்காரிக்கு முட்டை. நிறைய நேரம் அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளைக்குப் பால், தாய்க்கு ஒரு அதட்டல், அது ரீவிக்குக் கேட்காவிட்டாலும். காணி வேலை எனக்கு, தரிசிப்பு அம்மாவுக்கு என்று ஆகியது. நான் குனிந்து நிமிர்ந்து கோவாக் கன்று நட்டுக்கொண்டிருக்க, அம்மா ஊருக்குள் பெரிய மனிசியாகிக்கொண்டிருந்தார். இந்தக் கேமை வெல்வதற்கு வழியே அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. எவ்வளவு விளைந்தது என்பதைவிட, எத்தனை பேர் உங்களை விரும்புகிறார்கள் என்றுதான் அது பார்க்கும்.

எனக்கும் நன்றாகவே பிடித்துவிட்டது. சிரிக்கிற மாட்டைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் பிழை. வேலையில் இருக்கும்போது என் கோவாவுக்குப் பூச்சி வந்திருக்குமோ என்று யோசனை ஓடும். ஒருநாள் ஒரு கலியாண அட்டையில் தாமரை இருக்கவேண்டிய இடத்தில் முள்ளங்கி கீறிவிட்டேன். முதலாளி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் மரக்கறிக் கடைக்காரரா என்று கேட்டார்.

வீட்டில் அம்மாவும் நானும் திரும்பக் கதைக்கத் தொடங்கியிருந்தோம். இருமலைப் பற்றியும் கோவாவைப் பற்றியும்தான், ஆனாலும் கதை கதைதான். அந்தச் சந்தோசத்தில் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது.

அந்த ஊரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தச்சன் இருந்தான். சிவந்த தலைமுடி, நல்ல குணம். தாயோடு இருந்தான். தொப்பிக்காரிக்குக் கலியாணம் கட்டலாம் என்று கேம் சொன்னது. நான் கணக்குப் போட்டேன். வெள்ளைக்காரர் செய்த கேம். அவர்களுடைய வழமைப்படி பெண் மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் போவாள். தொப்பிக்காரி ஆற்றைத் தாண்டிப் போய் மாமியாரோடு சந்தோசமாக இருப்பதை அம்மா தன் கண்ணால் பார்ப்பார். அதுவும் தன் கையால் நடத்திவைத்துவிட்டுப் பார்ப்பார். பிறகு என்னை எப்படி மறிக்கிறது?

"அம்மா, அந்தத் தச்சன் நல்ல பொடியன் போல" என்றேன், கோவாவைப் பார்த்தபடி.

அம்மா புத்தகத்தைப் புரட்டினார். "ஓம். தாயோட மரியாதையாக் கதைக்கிறான். குடியும் இல்ல."

மூன்று கிழமை அம்மா அவனுக்குத் தேனும் மீனும் கொண்டுபோய்க் கொடுத்தார். தாய்க்கும் ஏதாவது கொடுப்பார். கடைசியில் கேம், சம்மதமா என்று கேட்டது. நான் ஓம் அடிக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார். இன்னும் நல்ல நேரம் வரவில்லையாம். அப்பா எழும்பிப் போய்க் கலண்டர் பார்த்து நேரம் சொன்னார். பத்தே முக்கால் வரைக்கும் மூன்று பேரும் ரீவியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். தச்சன் கையில் பூவோடு அசையாமல் நின்றான். நேரம் வந்ததும் அம்மா பொத்தானை அமர்த்தினார். மத்தியானம் பாயசம் வைத்தார், ஏன் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கேமில் அடுத்த நாள் விடிந்தது. தொப்பிக்காரி எங்கள் வீட்டிலேயே, எங்கள் கட்டிலிலேயே எழும்பினாள். நான் திடுக்கிட்டுப் போனேன். அம்மா அவளைக் குசினிக்கு நடத்தினார். அங்கே தச்சன் அடுப்படியில் நின்று கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான்.

அம்மா ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன்.

"பாத்தியா? வெள்ளக்காரன்ட கேமிலயே மாப்பிள பொம்பிள வீட்டுக்குத்தான் வாறான். உனக்கு மட்டும் என்ன புதுச் சட்டம்?"

உடனே சின்னம்மாவுக்குப் போன் எடுத்து அதையே சொன்னார். பிறகு இன்னும் இரண்டு பேருக்கும் சொன்னார். என் சொந்தக் கையால் என் தலையில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டேன். அன்று பின்னேரம் மாப்பிள்ளைக்குப் போனில் சொன்னபோது, அவர் நெடுநேரம் சிரித்துவிட்டு, "உங்கட அம்மாக்கு எல்லா இடத்திலயும் ஆள் இரிக்கு" என்றார். சிரிக்காதீங்க என்று போனை வைத்துவிட்டேன். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

ஆனால் அம்மாவுக்குக் கலியாணம் முடிந்தாலும் தரிசிப்பு முடியாது. அடுத்த நாளும் புத்தகத்தோடு ஆற்றைத் தாண்டிப் போனார். தச்சனின் தாய் ஜன்னலடியில் நின்றாள். ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னாள். தமிழில் சொன்னால், "இப்பவும் இரண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன், கை மறக்கவில்லை" என்பது போல இருக்கும். அம்மா ஒரு பாண் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கடுத்த நாளும் அவள் அங்கேதான் நின்றாள், அதையேதான் சொன்னாள். நாலாவது நாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இவவுக்கு வேற ஒண்டும் சொல்லத் தெரியாதா?"

"அப்பிடித்தான் செஞ்சி வெச்சிருக்காங்கம்மா."

"அப்ப அவன ஒருக்கா அங்க அனுப்பு. தாயப் பாத்திட்டு வரட்டும்."

"ஏலாதம்மா. அதுக்குப் பொத்தான் இல்ல."

அம்மா நம்பவில்லை. எல்லாப் பொத்தான்களையும் அமர்த்திப் பார்த்தார். பிறகு தொப்பிக்காரியை அவனுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, அவனைக் கேற்றுப் பக்கம் தள்ளினார். அவன் மூன்று அடி நகர்ந்தான். நல்ல வெயில் இன்றைக்கு என்றான். திரும்பிக் குசினிக்குப் போய்விட்டான். "தாயப் போய்ப் பாத்திட்டு வா மனே" என்று அம்மா ரீவியைப் பார்த்துக் கெஞ்சினார். இருபத்தொன்பது வருடத்தில் அம்மா யாரையும் கெஞ்சி நான் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் பேப்பருக்குப் பின்னால் இருந்து அப்பா கதைத்தார்.

"நான் இஞ்ச வந்தாப்பிறகு எங்கட அம்மாவும் இதத்தான் சொன்னவ."

அம்மா திரும்பினார். "எத?"

"ரெண்டு பேருக்குச் சமைக்கிறன் எண்டத."

அப்பாவின் தாய்க்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். மூன்று பேரும் மூன்று பெண் வீடுகளுக்குப் போனார்கள். அப்பாதான் கடைசி. இது எனக்குத் தெரிந்த விசயம்தான், ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"இத்தின வருசத்தில ஒருநாளும் சொல்லல்லயே நீங்க" என்றார் அம்மா.

"ஒருத்தரும் கேக்கல்ல" என்றார் அப்பா. குரலில் கோபம் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்தார்.

அம்மா கேம் பெட்டியை அப்படியே நிறுத்திவிட்டு எழும்பிப் போனார். சேமிக்காமல் நிறுத்தியதில் என்னுடைய மூன்று நாள் கோவா போய்விட்டது.

ஒரு கிழமை அம்மா ரிமோட்டைத் தொடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நான் வேலையால் வந்தபோது, வெளிர்நீலச் சேலை உடுத்து, குடையும் கையுமாக வாசலில் நின்றார். தோளில் இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி வைக்கிற பழைய பை.

"ஸ்கூட்டியத் திருப்பு."

"எங்கம்மா?"

"படுவான்கரைக்கு. ஒரு வீடு பாக்கக் கிடக்கு."

வழி முழுக்க நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிவிடுவார் என்று பயம்.

மாப்பிள்ளை அன்று விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். தாய் மட்டும்தான். மெலிந்த, குட்டையான மனிசி. எங்களைக் கண்டதும் சாணிக் கையைப் பின்னால் மறைத்தார். அம்மா சுகம் விசாரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து இருக்கச் சொல்லி, பட்டியைச் சுற்றி அழுத்தம் பார்த்தார்.

"மாத்திர ஒழுங்காப் போடுறயளா?"

"போடுறன் மிஸ்" என்றார் அவர். அம்மாவை அன்றுதான் முதல் முதல் கண்டவர். மிஸ் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு அம்மா கிணற்றைப் பார்த்தார், மாட்டுப்பட்டியைப் பார்த்தார், குசினிக்குள் போனார். எங்களுக்குத் தயிர் எடுத்துக்கொண்டு தாயும் பின்னால் போனார். நான் வாசற்படியில் நின்றேன். அடுப்புக்கு மேலே பெரிய சட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலுமினியச் சட்டி இருந்தது. கடை ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கவில்லை. அம்மா அதை எடுத்தார்.

"இது யாருக்கு? சின்னப் புள்ளையள் இல்லயே இஞ்ச."

தாய்க்கு வெட்கமாகப் போய்விட்டது. "எனக்குத்தான் மிஸ். அவன் வரமாட்டன் எண்டு நிக்கிறான். நான் போகச் சொல்லித்தான் சொல்றன். ஊர் வழமைய மாத்தேலுமா? உங்கட வீட்டுக்கு அவன் வரத்தான் வேணும். மறுகா எனக்கு ஒராளுக்குச் சமைக்க இது காணும்தானே. அதான் வாங்கி வெச்சிட்டன்."

அம்மா சட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடியைப் போட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். "தயிரத் தாங்க" என்றார். இரண்டு கோப்பை சாப்பிட்டார். அம்மாவுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளாது.

திரும்பி வரும்போது பாலத்தில் காற்று பலமாக இருந்தது. வாவியில் இரண்டு மூன்று தோணிகள் நின்றன. பாதிப் பாலத்தில் அம்மா என் தோளில் தட்டினார். நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன்.

"நிப்பாட்டாத, ஓடு" என்றார். பிறகு, "இஞ்ச நாங்க ரெண்டு பேர் இரிக்கம். அங்க அவ ஒராள்."

நான் வேகத்தைத் திரும்பக் கூட்டினேன்.

"நீ அங்க போய் இரி. வீடு உன்டதான், அது எங்கயும் போகாது. நான் கூட்டித் துடச்சி வெச்சிருப்பன்."

இந்தச் சண்டைக்காக மாதக்கணக்காக நான் எத்தனையோ பதில்களைச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் அம்மா வேண்டாம் என்று சொன்னால் சொல்வதற்கு. போ என்று சொன்னால் சொல்வதற்கு ஒன்றுமே என்னிடம் இருக்கவில்லை. வென்றுவிட்டேன், ஆனால் அம்மா இன்னும் ஒருக்கா வேண்டாம் என்று சொல்லமாட்டாரா என்று இருந்தது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு அழுவது ஒரு வசதி. பின்னால் இருக்கிறவருக்குத் தெரியாது. பின்னால் இருக்கிறவர் என்ன செய்கிறார் என்று நமக்கும் தெரியாது.

"கிழமையில எண்டைக்கு வருவாய்?"

"ஞாயிற்றுக்கிழமையில வாறன்மா."

"ஞாயிறு எனக்கு கேம் இரிக்கு. சனி வா."

"ஓம்" என்றேன். பாலம் முடிந்தது. ஒரு பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. அதன் சத்தம் அடங்கியதும் அம்மா என் முதுகில் சாய்ந்து, காதுக்குப் பக்கத்தில் சொன்னார்.

"சனி வந்தா ஞாயிறும் நிண்டிட்டுப் போ."

அதற்கும் ஓம் என்றேன். ஹெல்மெட்டுக்குள்ளால் கேட்டிருக்காது என்று இரண்டாம் தரமும் சொன்னேன்.